வக்பு வீடும் வாடகைக் கணக்கும்

சென்ற ஆண்டில் ஒரு நாள் காலை, மேல்வகுப்பு மாணவர்களுக்கு வக்புப் பாடம் ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தோம். வக்புச் சொத்தை வாடகைக்கு விடும்போது, அவ்வூரில் அதனையொத்த சொத்துக்கு என்ன வாடகை கிடைக்குமோ அதனினும் குறைத்து விடலாகாது என்பது அன்றைய பாடம். இதனை அரபியில் ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’ என்பர். தமிழில் ஒத்த வாடகை எனலாம். பாடம் முடிந்து கிதாபை மூடும் வேளையில், பின்வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், தாங்கள் குடியிருப்பது பள்ளிவாசல் வக்பு வீடுதானே? அதற்கு வாடகை எவ்வளவு?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் குறும்பு ஏதுமில்லை. படித்த சட்டத்தைக் கண்முன் உள்ள ஒன்றில் வைத்துப் பார்க்க விரும்பினார், அவ்வளவே. நாமும் மறைக்காமல் சொன்னோம்: மாதம் 600 ரூபாய். அதே தெருவில், அதே அளவுள்ள தனியார் வீடுகளுக்கு 4,000 ரூபாய்க்குக் குறைந்து வாடகை இல்லை என்பதை வகுப்பில் இருந்த எல்லோரும் அறிவர். யாரும் சிரிக்கவில்லை. அந்த மௌனந்தான் நம்மை இக்கட்டுரை எழுத வைத்தது.

நிலத்திலும் வீட்டிலும் முதல் போட்டு வருவாய் காண்பது வாணிபம். அவ்வருவாயை ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் வணக்கத்தலத்துக்கும் அளிப்பது அறம். இவ்விரண்டும் ஒரே சொத்தில் வந்து கூடும்போது எது எதற்கு வழிவிட வேண்டும்? வாணிபம் மேலோங்கினால் அறம் பெயரளவில் நிற்கும். அறத்தின் பெயரால் வாணிபத்தைத் தளர்த்தினாலோ, சில ஆண்டுகளில் சொத்தே கரைந்துவிடும். இக்கேள்வி புதியதன்று. இஸ்லாமிய வரலாற்றின் முதல் தலைமுறையிலேயே எழுந்த கேள்வி இது. அவர்கள் கண்ட விடையையும், பின்வந்தோர் அதில் இடறிய இடங்களையும் ஒருமுறை பார்த்து வருவோம்.

ஸுபைர் (ரலி) அவர்களின் நிலமும் கடனும்

நபித்தோழர்களுள் நிலம், வீடு ஆகியவற்றில் பெருமுதல் இட்டவர் என்று எவரையேனும் சுட்ட வேண்டுமானால், ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களையே முதலிற் சுட்ட வேண்டும். அவர்கள் ஹிஜ்ரி 36-ல் (கி.பி. 656) ஜமல் போர் நிகழ்ந்தபோது உயிர் துறந்தார்கள். அவர்களின் சொத்து விவரம் ஸஹீஹுல் புகாரியில் அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) வாய்மொழியாக விரிவாகப் பதிவாகியுள்ளது. பொன்னாகவும் வெள்ளியாகவும் அவர்கள் எதனையும் விட்டுச்செல்லவில்லை. மதீனாவில் 11 வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று, இவற்றோடு நிலங்கள். அந்நிலங்களுள் ஒன்று மதீனாவின் புறத்தே இருந்த ‘காபா’. இது கஅபா அன்று. மரமடர்ந்த காடு என்னும் பொருளுடைய வேறு சொல்.

இத்தனை சொத்து உடையவர்கள் 22 இலட்சம் கடனும் விட்டுச்சென்றார்கள். அக்கடன் வந்த வழி கவனிக்கத்தக்கது. மக்கள் தம் பணத்தை அவர்களிடம் அமானிதமாக வைக்க வருவர். அவர்களோ அதனை அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகவே பெற்றுக்கொள்வார்கள். அமானிதப் பொருள், வைத்திருப்பவரின் தவறின்றித் தொலைந்துபோனால், அவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் அல்லர். கடனோ எந்நிலையிலும் திருப்பித் தரப்பட வேண்டியது. ஆகவே கடனாக வாங்கியதன் மூலம் பணம் தந்தவருக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. பெற்றவருக்கு அதனைப் பயன்படுத்தும் உரிமையும் கிடைத்தது. பிறர் நலமும் தம் தொழிலும் ஒருங்கே பேணப்பட்ட ஏற்பாடு இது. எனினும் அதன் சுமை முழுவதையும் அவர்களே தோளில் ஏற்றிக்கொண்டார்கள் என்பதை மறக்கலாகாது. போருக்கு முன் மகனை அழைத்து, தம்மை மிகவும் வருத்தும் கவலை இக்கடனே என்று கூறி, சொத்தை விற்றுக் கடனை அடைக்குமாறு பணித்தார்கள். கடன் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கை வஸிய்யத்தாகவும் வைத்தார்கள்.

காபா நிலத்தை ஸுபைர் (ரலி) 1,70,000-க்கு வாங்கியிருந்தார்கள். மகனார் அதனை 16 பங்குகளாக்கி, பங்கு ஒன்று ஒரு இலட்சம் என மதிப்பிட்டு, 16 இலட்சத்துக்கு விற்றார்கள். ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட உயர்வு. இவ்வுயர்வை எவரும் குறையாகக் கூறவில்லை.

இவ்விடத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஸுபைர் (ரலி) அவர்கள் தர வேண்டிய கடனில் 4 இலட்சம் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்களுக்கு உரியது. கொடைக்குப் பெயர்பெற்ற அவர்கள், விரும்பினால் அக்கடனை விட்டுவிடுவதாகக் கூறினார்கள். மகனார் ஏற்கவில்லை. தவணையாவது தருகிறேன் என்றார்கள், அதனையும் ஏற்கவில்லை. அப்படியானால் நிலத்தில் எனக்கொரு பகுதியைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டு, தம் கடனுக்கு ஈடாக நான்கு பங்குகளைப் பெற்றார்கள். பின்னர் அதே நான்கு பங்குகளை முஆவியா (ரலி) அவர்களுக்கு 6 இலட்சத்துக்கு விற்றார்கள்.

சற்று முன்பு 4 இலட்சத்தை விட்டுக்கொடுக்க முன்வந்த கரமே பின்னர் 2 இலட்சம் இலாபம் கண்டது. இதில் முரண்பாடு ஏதேனும் உண்டா? இல்லை. கொடுக்க முன்வந்தபோது அது முழுக் கொடை. விற்றபோது அது முழு விற்பனை. இரண்டையும் அவர்கள் குழப்பவில்லை. கொடையைக் காட்டி விலையில் சலுகை கேட்கவுமில்லை. விற்பனையைக் கொடை என்று பெயரிடவுமில்லை. நாம் தேடிவந்த விடையின் முதற் கூறு இங்கே கிடைத்துவிட்டது என்றே கருதுகிறோம்.

கடன் அடைந்த பின்பும் மகனார் உடனே பாகப்பிரிவினை செய்யவில்லை. ஏனைய வாரிசுகள் கேட்டும், நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், தந்தையிடம் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவிப்புச் செய்தார்கள். அதன் பின்னரே பங்கிட்டார்கள். மனைவியர் நால்வருக்கும் தலைக்கு 12 இலட்சம் கிடைத்தது.

இந்த ஸுபைர் (ரலி) அவர்களே தம் வீடுகள் சிலவற்றை அறக்கொடையாகவும் ஆக்கியிருந்தார்கள். அதில் ஒரு நிபந்தனை: மணவிலக்குப் பெற்றுத் திரும்பிய தம் பெண்மக்கள், தாம் துன்புறுத்தாமலும் பிறரால் துன்புறுத்தப்படாமலும் அவ்வீட்டில் வாழலாம், மறுமணம் செய்துகொண்டால் அவ்வுரிமை நீங்கும். விற்று இலாபம் காண்பதற்கு ஒரு நிலம். கதியற்று வரும் மகளுக்குக் கூரையாக ஒரு வீடு. எது எதற்கென்று உரியவரே தம் வாழ்நாளில் வரையறுத்து வைத்தார்கள்.

முதல் நிற்கும், பலன் பாயும்

வக்பு என்னும் ஏற்பாட்டுக்கு அடிப்படையாக விளங்குவது உமர் (ரலி) அவர்களின் கைபர் நிலம். ஹிஜ்ரி 7-ல் (கி.பி. 628) கைபர் வெற்றிக்குப் பின் அங்கே அவர்களுக்கு நிலம் கிடைத்தது. அதனினும் உயர்ந்த பொருள் எதுவும் தமக்குக் கிடைத்ததில்லை என்று கூறி, அதனை என்ன செய்யலாம் எனப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கலந்தார்கள். நிலத்தின் முதலை நிறுத்திவைத்து, அதன் பலனைத் தர்மமாக்கலாம் என்று பெருமானார் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக வழங்கப்படாது, வாரிசுரிமையாகச் செல்லாது. அதன் பலன் ஏழைகளுக்கும் உறவினருக்கும் அடிமைகளின் விடுதலைக்கும் விருந்தினருக்கும் வழிப்போக்கருக்கும் உரியதாயிற்று. நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம். ஆனால் அதனைக் கொண்டு செல்வம் சேர்க்கலாகாது. அதன் நிர்வாகத்தை உமர் (ரலி) தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. வக்பு நிர்வாகியரின் பட்டியலில் தொடக்கத்திலேயே ஒரு பெண்மணி இருப்பதை இன்றைய ஜமாஅத்துகள் நினைவிற் கொள்வது நன்று.

அபூதல்ஹா (ரலி) தமக்கு மிக விருப்பமான பைருஹா என்னும் பேரீச்சந்தோட்டத்தைத் தர்மம் செய்தபோது, பெருமானார் (ஸல்) அதனை இலாபம் தரும் சொத்து என்று புகழ்ந்து, உறவினருக்குப் பங்கிடுமாறு கூறினார்கள். அறச் செயலுக்கு வாணிபச் சொல் சூட்டப்பட்டதைப் பாருங்கள். வாணிபம் அறத்துக்குப் பகையன்று. கணக்கில்லாத வாணிபமும், கணக்கில்லாத அறமுமே பகை.

செருப்புத் தைத்தவர் வகுத்த சட்டம்

வக்புச் சட்டத்தை முதன்முதலில் தனி நூலாக விரித்துரைத்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் ஹிஜ்ரி 245-ல் (கி.பி. 859) மறைந்த பஸராவின் ஹிலால் (ரஹ்). மற்றவர் ஹிஜ்ரி 261-ல் மறைந்த பக்தாதின் கஸ்ஸாஃப் (ரஹ்). கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர் என்று பொருள். கலீஃபாவுக்கு நூல் எழுதிக் கொடுக்கும் தகுதி பெற்றிருந்தும், அப்பெருமகனார் தம் கைத்தொழிலில் உண்டு வாழ்ந்தார் என்பர். வக்புப் பணத்தில் யார் கை வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம் என்று எழுதியவரின் கை உழைத்துக் காய்த்த கையாக இருந்தது பொருத்தமே.

இவர்களும் இவர்கள் வழிவந்த ஹனஃபி அறிஞர்களும் வகுத்த விதிகளுள் நம் பொருளுக்கு வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, வீட்டு வக்பு இருவகைப்படும். ஒன்று குடியிருப்புக்கானது, மற்றொன்று வருவாய்க்கானது. வக்பு செய்தவர் எதனை நாடினாரோ அதுவே செல்லும். ஸுபைர் (ரலி) அவர்களின் வீடு குடியிருப்புக்கானது. அங்கே வாடகைப் பேச்சுக்கு இடமில்லை. பள்ளிவாசலின் விளக்குக்கும் நீருக்கும் ஊதியத்துக்குமென ஒருவர் கடையையோ வீட்டையோ விட்டுச்சென்றால், அது வருவாய்க்கானது. அங்கே வாடகையே அறத்தின் ஊற்று.

இரண்டாவது, வருவாயிலிருந்து முதற் செலவு சொத்தின் பழுதுபார்ப்பு. வக்புப் பத்திரத்தில் இது எழுதப்படாவிடினும் இதுவே முந்தும். இவ்வாண்டு ஏழைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு கூரை விழ விடுவது அறமாகாது.

மூன்றாவது, வாடகை ஒத்த வாடகையாக இருத்தல் வேண்டும். வெளிப்படையான பெருங்குறைவுக்கு விடப்பட்டால், குடியிருப்பவர் ஒத்த வாடகையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். முதவல்லி இசைந்துதான் குறைத்தார் என்பது விடையாகாது. தமக்கு உரிமையில்லாத ஒன்றை விட்டுக்கொடுக்க முதவல்லிக்கு அதிகாரமில்லை.

நான்காவது, முதவல்லி வக்புச் சொத்தைத் தமக்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாகாது. தம் மகனுக்கோ தந்தைக்கோ விடுவதையும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) தடுத்தார்கள்.

ஐந்தாவது, வக்பு செய்தவர் தவணையைக் குறிப்பிடாவிட்டால், வீட்டையும் கடையையும் ஓராண்டுக்கு மேலும், விளைநிலத்தை மூன்றாண்டுக்கு மேலும் குத்தகைக்கு விடலாகாது. நெடுநாள் ஒருவர் கையிலிருந்தால், பார்ப்போர் அவரையே உரிமையாளர் என்று கருதுவர். பின்னர் அவரும் அவ்வாறே கருதத் தொடங்குவார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்காரணத்தைப் படிக்கும்போது, நம் ஊர்க் கடைத்தெருவைப் பார்த்து எழுதியதுபோல் தோன்றுகிறது.

இஸ்தான்பூலில் பற்றிய தீ

இவ்விதிகள் நடைமுறையில் பெருஞ் செழிப்பைத் தந்தன. கி.பி. 1326-ல் டமாஸ்கஸ் நகரைக் கண்ட இப்னு பதூதா, அங்குள்ள வக்புகளின் வகைகளைக் கண்டு வியந்தார். ஒரு பணியாள் சிறுவன் பீங்கான் தட்டைத் தவறவிட்டு உடைத்துவிட்டான். எசமானருக்கு அஞ்சி நின்றவனிடம் அருகிலிருந்தவர்கள், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்பின் பொறுப்பாளரிடம் செல்லுமாறு கூறினார்களாம். அவரும் புதுத் தட்டு வாங்கப் பணம் தந்தார் என்று அவர் எழுதிவைத்துள்ளார். அச்சிறுவனின் கண்ணீரைத் துடைத்த பணம், எங்கோ ஒரு கடையிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ ஒழுங்காக வந்த வருவாயே அன்றோ!

உதுமானியர் இதனைப் பேரளவில் செய்தார்கள். கி.பி. 1453-க்குப் பின் சுல்தான் இரண்டாம் முஹம்மத் இஸ்தான்பூலில் கட்டிய கற்சந்தையே இன்றைய பெருஞ்சந்தையின் கருவாகும். அதன் கடை வாடகை அயா சோபியாவின் வக்புக்கு உரித்தாக்கப்பட்டது. கி.பி. 1552-ல் சுல்தான் சுலைமானின் துணைவியார் ஹுர்ரம், ஜெரூசலத்தில் ஏழைகளுக்கு உணவளிக்கும் மடைப்பள்ளியை நிறுவி, அதற்கென ஊர்களின் வருவாயை எழுதிவைத்தார்.

ஆனால் இஸ்தான்பூல் மரவீடுகள் மலிந்த நகரம். அடுத்தடுத்துத் தீ பற்றியது, கி.பி. 1660-ல் பற்றிய தீ நகரின் பெரும்பகுதியை விழுங்கியது. எரிந்த வக்புக் கட்டடங்களை மீண்டும் எழுப்ப நிர்வாகிகளிடம் பணமில்லை. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே வழக்கிற்கு வந்த ஓர் ஏற்பாடு இப்போது பரவியது. அதன் பெயர் ‘இஜாரதைன்’. இரட்டை வாடகை என்பது பொருள். குடியேறுபவர் கட்டடத்தின் மதிப்பை ஒட்டிய பெருந்தொகையை முன்கூட்டியே செலுத்துவார். அதைக்கொண்டு கட்டடம் எழும். பின்னர் ஆண்டுதோறும் சிறு வாடகை மட்டும் தருவார். அவ்வுரிமை அவர் மக்களுக்கும் செல்லும்.

அந்நேரத்தில் அது தக்க தீர்வாகவே தோன்றியது. இடிபாடு கட்டடமாயிற்று, பள்ளிவாசல் பெயரும் பத்திரத்தில் நிலைத்தது. ஆனால் நாணயத்தின் மதிப்பு தலைமுறைதோறும் வீழ்ந்தது. ஆண்டு வாடகையோ எழுதிய எண்ணிலேயே நின்றது. நாளடைவில் வக்புக்குச் சேர்ந்தது பெயரளவுக் காசு. சொத்தின் உண்மைப் பயன் குடியிருந்தோரின் வாரிசுகளுக்கு. துருக்கியில் 1935-ஆம் ஆண்டுச் சட்டம், ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு இத்தகைய சொத்துகளைக் குடியிருப்போருக்கே உரிமையாக்க வழிசெய்தது. தீயில் எரிந்ததைவிட வாடகையில் கரைந்தது மிகுதி என்று கூறினால் மிகையாகாது.

டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) (கி.பி. 1784-1836) இச்சீர்கேட்டை நேரிற் கண்டவர்கள். வணிகரின் மகனாகப் பிறந்து, இளமையில் தந்தையின் கடையில் அமர்ந்தவர்கள். ஆகவே கடைத்தெருவின் இரு தரப்பு நியாயமும் அவர்களுக்குத் தெரியும். வாடகை எடுப்பதில் யாருக்கு முன்னுரிமை என்பதைப் பற்றித் தனிச் சிறுநூலே எழுதினார்கள். வக்பு மனையில் அனுமதி பெற்றுத் தம் பணத்தால் கட்டியவரை நினைத்தபோது வெளியேற்றினால் அவருக்கு அநீதி. மனைக்கு உரிய ஒத்த வாடகையை அவர் தராவிட்டால் வக்புக்கு அநீதி. ஆகவே சந்தையோடு உயரும் மனை வாடகையைத் தரும்வரை அவரே தொடர்ந்து இருக்கலாம். தர மறுத்தால் முன்னுரிமை இல்லை. இருக்கும் உரிமை வேறு. குறைத்துக் கொடுக்கும் உரிமை வேறு என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

சிங்கப்பூரும் நம் நாடும்

இக்காலத்தில் இச்சிக்கலைத் துணிந்து அணுகிய நகரங்களுள் ஒன்று சிங்கப்பூர். நம் முன்னோரின் கால் பதிந்த மண் அது. 1826-ல் சூலியா முஸ்லிம்கள் தோற்றுவித்த ஜாமிஆ பள்ளிவாசலும், 1827-ல் எழுந்து குச்சுப்பள்ளி என்று தமிழில் வழங்கிவந்த அல்அப்ரார் பள்ளிவாசலும் இன்றும் அங்குள்ளன. இவற்றுக்கு முன்பே, 1820-ல், பலெம்பாங்கிலிருந்து வந்த அரபு வணிகர் ஸையித் உமர் அல்ஜுனைத் நிலம் வக்பு செய்து பள்ளிவாசல் கட்டியிருந்தார். சிறு நகரமாயிருந்தபோது விடப்பட்ட வக்பு மனைகள், நகரம் வளர்ந்தபின் பெருமதிப்புள்ள இடங்களில் சிறு வருவாயுடன் நின்றன.

1968-ல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றத்திடம் இவற்றின் பொறுப்பு சேர்ந்தது. 2001, 2002 ஆண்டுகளில் அம்மன்றம் முஷாரகா என்னும் கூட்டுப்பங்கு முறையில் பத்திரங்கள் வெளியிட்டு 6 கோடி சிங்கப்பூர் வெள்ளி திரட்டியது. வட்டிக்குக் கடன் வாங்கவில்லை, மனையை விற்கவுமில்லை. அத்தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு பென்கூலன் தெருவில் பழைய பள்ளிவாசல் நின்ற இடத்தில் புதிய பள்ளிவாசலும், அதனுடன் கடைகளும் தங்கும் அடுக்ககமும் எழுப்பப்பட்டன. முதலீட்டாளர் தம் பங்கைப் பெற்று விலகுவர். மனை வக்பாகவே தொடரும்.

பள்ளிவாசலுடன் கடை சேர்வதா என்று வருந்துவோரும் உண்டு. நம் ஷாஃபிஈ அறிஞர்கள் வக்பு நிலத்தை மாற்றுவதில் மிகக் கண்டிப்பானவர்கள். ஹன்பலி மத்ஹபினர் பயனற்றுப்போன வக்பை விற்றுப் பயனுள்ளதாக மாற்ற இடந்தருகின்றனர். இவ்விரண்டு கருத்துக்கும் தக்க காரணங்கள் உண்டு. கண்டிப்பில்லாவிடில், மாற்றம் என்ற பெயரில் சொத்து பறிபோகும். நெகிழ்ச்சியில்லாவிடில், பாதுகாப்பு என்ற பெயரில் அது பாழாய்க் கிடக்கும்.

நம் நாட்டு நிலை என்ன? நீதிபதி இராஜேந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006-ல் அளித்த அறிக்கையைப் பார்ப்போம். பதிவான வக்புகள் 4.9 இலட்சம்; நிலம் ஏறத்தாழ 6 இலட்சம் ஏக்கர். ஏட்டு மதிப்பு 6,000 கோடி ரூபாய். சந்தை மதிப்போ 1.2 இலட்சம் கோடி ரூபாய். ஆண்டு வருவாய் 163 கோடி ரூபாய். சந்தை மதிப்பில் நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ 14 காசு! நூற்றுக்குப் பத்து வீதம் வந்தால் ஆண்டுக்கு 12,000 கோடி வரும் என்று அக்குழு கணக்கிட்டது. 14 காசுக்கும் 10 ரூபாய்க்கும் இடையில் உள்ளவை எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை மருந்துச் சீட்டுகள்!

இதற்கு ஆக்கிரமிப்பு ஒரு காரணம். சட்டக் குறைபாடு ஒரு காரணம். 1913, 1923, 1954, 1995, 2013 எனச் சட்டங்கள் வந்தன. 2025-ல் பெருந்திருத்தம் வந்து வழக்கும் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அவற்றைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசட்டும். ஆனால் நாம் குடியிருக்கும் வீட்டுக்கு 600 ரூபாய் வாடகையை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. அதனை நாமே வைத்துக்கொண்டோம்.

நம் வீட்டுக் கணக்கு

மாணவர் கேட்ட கேள்விக்குப் பின் ஒரு மாதம் கழித்து நாம் முதவல்லியிடம் சென்று, வாடகையை மறுமதிப்பீடு செய்யுமாறு கேட்டோம். அவர் திகைத்தார். “ஹஜ்ரத், தாங்கள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறீர்கள். தங்களிடம் கூட்டிக் கேட்க எங்களுக்கு மனம் வருமா? மேலும் தங்களுக்கு உயர்த்தினால் அடுத்த வீட்டு நன்னிக்கும் உயர்த்த வேண்டுமே!” என்றார்.

அவர் சொன்ன இரண்டாவது காரணம் நம்மைத் தடுமாற வைத்தது. அந்த நன்னி கணவரை இழந்து, இடியாப்பம் விற்றுப் பேத்தியை வளர்ப்பவர். அவரும் வக்பு வீட்டில் 400 ரூபாய் வாடகையில் இருக்கிறார். ஒத்த வாடகை என்ற சட்டத்தை அவர்மீது ஏவினால் அவர் தெருவில் நிற்பார். அறத்துக்காகவே விடப்பட்ட வீட்டிலிருந்து ஓர் ஏழையை வெளியேற்றுவது அறமாகுமா?

அப்போதுதான் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்களின் செயல் நினைவுக்கு வந்தது. கொடை கொடையாகவும் விற்பனை விற்பனையாகவும் இருக்கட்டும் என்பதே அங்கு நாம் கற்றது. முதவல்லியிடம் இவ்வாறு கூறினோம்: “நன்னியின் வீட்டுக்கும் ஒத்த வாடகையைக் குறியுங்கள். அவரால் இயன்ற 400-ஐ அவர் தரட்டும். எஞ்சியதை ஜமாஅத்தின் ஸதகா நிதியிலிருந்து மாதந்தோறும் பள்ளிவாசல் கணக்கில் வரவு வையுங்கள். இரண்டும் ஏட்டில் தனித்தனியே இருக்கட்டும். அப்போது நன்னிக்கு உதவியது யார் என்பதும் தெரியும். எனக்கு இதுவரை உதவி வந்தது யார் என்பதும் தெரியும்.”

ஏழைக்குக் குறைத்த வாடகையின் நிழலில் எத்தனை பேர் ஒதுங்கி நிற்கிறோம் என்பது ஏடு திறந்தபோது தெரிந்தது. எங்கள் பள்ளிவாசலுக்குரிய 14 வீடு, கடைகளில் உதவி தேவைப்பட்டோர் மூவர் மட்டுமே. மற்றவர்கள் நம்மைப் போன்றோரும் நம்மைவிட வசதி மிக்கோரும். ஒருவர் கடையை உள்வாடகைக்கு விட்டு, பள்ளிக்குத் தருவதைப்போல் பன்மடங்கு பெற்றுவந்தார்.

தெருவினர் இருவர் கூடி நம் வீட்டுக்கு 4,200 ரூபாய் என்று மதிப்பிட்டனர். கடந்த பத்தாண்டுகளில் குறைத்துக் கொடுத்ததைச் சராசரி மாதம் 2,500 ரூபாய் என்று கணக்கிட்டனர்; ஆக 3 இலட்சம் ரூபாய். முதவல்லி பழையதை விட்டுவிடலாம் என்றார். விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பதை நாமே அல்லவா பாடம் நடத்தினோம்! மதரஸா ஊதியத்தில் வாடகை போக மாதம் 1,000 ரூபாய்தான் பழைய பாக்கிக்குத் தர இயலும். அவ்வாறு தந்தால் தீர்வதற்கு 25 ஆண்டுகள் ஆகும். நமக்கு இப்போது வயது 56.

ஆகவே தொகையைக் கடன் என்று குறித்து நமது வஸிய்யத்தில் எழுதி, மூத்த மகனிடம் படித்துக் காட்டினோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அத்தா, நானும் மாதம் ஆயிரம் போடுகிறேன், பாதிக் காலத்தில் தீர்ந்துவிடும்” என்றார்.

மற்ற குடியிருப்போருள் ஐவர் இதுவரை மறுமதிப்பீட்டுக்கு இசைந்துள்ளனர். சிலர் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிட்டனர். பள்ளிவாசலின் மேற்கூரை ஒழுகும் இடத்தைச் சரிசெய்வதே புதிய வரவின் முதற் செலவு என்று ஜமாஅத் முடிவு செய்தது. பழுதுபார்ப்பு முந்தும் என்ற விதிப்படி அதுவே சரி. வேலை தொடங்கியிருக்கிறது.

வாசக நேயர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். தங்கள் ஊரில் வக்புச் சொத்து இருந்தால், அதன் பத்திரத்தை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். அது குடியிருப்புக்கானதா, வருவாய்க்கானதா என்று பாருங்கள். பிறகு வாடகை ஏட்டைப் பாருங்கள். அதில் தங்கள் குடும்பத்தின் பெயரும் இருக்குமானால், முதலில் அந்த வரியைப் படியுங்கள்.